தூணில் இருந்த ஆண்டு

பெரம்பலூரில் ரயில் கிடையாது. ரயிலைப் பார்க்க வேண்டுமென்றால் நாங்கள் பஸ் ஏறி அரியலூர் போக வேண்டும். அப்படிப்பட்ட ஊர்க்காரன் ரயில் நிலையங்களின் வரலாற்றை எழுதக் கிளம்பியதைக் கேலி செய்யாதவர்கள் குறைவு. "கடலைப் பாக்காதவன் கப்பலுக்கு வர்ணம் அடிக்கப் போறான்" என்று என் மைத்துனர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் தபால் ஆபீசில் வேலை பார்த்தவன் நான். காலையில் போனதும் முத்திரையில் தேதியை மாற்றி, ஒரு வெற்றுத் தாளில் குத்திப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. ஓய்வு பெற்ற பிறகும் எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் அது என்று திறக்கப்பட்டது என்றே மனம் கேட்கும். கோயில் கல்வெட்டு, பள்ளிக்கூடத்து அடிக்கல், பாலத்தின் கைப்பிடிச் சுவரில் பதித்த பலகை எல்லாவற்றையும் நோட்டில் குறித்துவைப்பேன். திருமழபாடிக் கோயிலுக்கு என் மனைவியோடு போனால் அவர் சாமி கும்பிடுவார், நான் சுவரைப் படிப்பேன்.

ரயில் நிலையங்கள் பக்கம் என்னைத் திருப்பியது ஒரு ஜெர்மன்காரர். நேரில் பார்த்ததில்லை. அவரும் ஓய்வு பெற்றவர். தன் ஊர் வழியாகப் போகும் ஒரு சிறிய ரயில் பாதையின் நிலையங்களைப் பற்றி ஒவ்வொன்றாக எழுதி இணையத்தில் போட்டிருந்தார். கணினியே மொழிபெயர்த்துக் கொடுத்த கரடுமுரடான வாக்கியங்களில் அதைப் படித்தேன். எந்த நிலையம் எப்போது திறந்தது, எப்போது மூடியது, கட்டடம் இப்போது என்னவாக இருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். ஒன்றில் ரொட்டிக்கடை நடக்கிறதாம். இன்னொன்றில் ஒரு குடும்பம் குடியிருக்கிறதாம், அவர்கள் வீட்டுச் சுவரில் நிலையக் கடிகாரம் இன்னும் ஓடுகிறதாம். பெரிய சம்பவம் எதுவும் இல்லாத அந்தப் பக்கங்களை இரண்டு நாள் விடாமல் படித்தேன். நம் பக்கத்தில் விருத்தாசலத்திலிருந்து லால்குடி வரை இத்தனை நிலையங்கள் இருக்கின்றன, இவற்றுக்கு இப்படி ஒரு பக்கம் எழுத ஆள் இல்லையே என்று தோன்றியது.

அரியலூர் ரயில் என்றதும் எல்லாரும் கேட்பது அந்தக் காலத்துப் பெரிய விபத்தைப் பற்றித்தான். அதைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். எனக்கு வேண்டியிருந்தது, எதுவுமே நடக்காத நிலையங்கள். செந்துறை, ஒட்டக்கோவில், சில்லக்குடி, கல்லகம் என்று வாரத்துக்கு ஒன்றாகப் போனேன். என் விதி ஒன்று: இரண்டு சான்றாவது கிடைக்காமல் எந்தத் தேதியையும் பேனாவால் எழுதுவதில்லை. அதுவரை பென்சில்தான்.

இந்தக் கட்டுரையில் நான் எந்த ஆண்டையும் எழுதவில்லை. ஏன் என்பது படிக்கப் படிக்கத் தெரியும். நான் சொல்லப்போகும் அந்த ஹால்ட்டின் பெயரையும் எழுதவில்லை. அந்த ஊரில் இதைப் பற்றிய மனத்தாங்கல் இன்னும் தீரவில்லை.

ஹால்ட் என்பது ஸ்டேஷன் மாஸ்டர் இல்லாத நிறுத்தம். ஒரு மேடை, ஒரு கொட்டகை, ஜன்னல் வைத்த சிறிய அறை ஒன்று, அவ்வளவுதான். உள்ளூர்க்காரர் ஒருவர் பெரிய ஸ்டேஷனிலிருந்து டிக்கெட் கட்டுகளை வாங்கிவந்து அந்த ஜன்னலில் வைத்து விற்பார். ஏஜென்ட் என்று பெயர். இந்த ஹால்ட்டில் ஏஜென்ட் ஒரு பெண்மணி. ஐம்பதைத் தாண்டியவர். காலனியைச் சேர்ந்தவர். ஊரில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் 'டிக்கெட்டக்கா'. அவருக்கு முன் அவருடைய அப்பா அதே ஜன்னலில் இருந்தார்.

ஊரடங்குக்கு முன்பு காலையில் திருச்சி போகும் வண்டியும் சாயங்காலம் திரும்பும் வண்டியும் அங்கே நின்றன. ஊரடங்கு முடிந்து வண்டிகள் ஓடத் தொடங்கியபோது சாயங்கால வண்டி மட்டும் அங்கே நின்றது. காலை வண்டி நிற்காமல் போனது. திருச்சியில் ஆஸ்பத்திரிகளிலும் ஜவுளிக்கடைகளிலும் வேலை செய்பவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், காலேஜ் பிள்ளைகள் எல்லாரும் அதில்தான் போய்க்கொண்டிருந்தார்கள். இப்போது விடிவதற்கு முன் ஷேர் ஆட்டோ பிடித்து அரியலூர் போகிறார்கள்.

முதல் தடவை நான் போனது ஒரு வியாழக்கிழமை, பங்குனி மாதம். சிமெண்ட் லாரிகள் போகும் சாலையிலிருந்து பிரிந்து உள்ளே நடந்தால் முந்திரிக் கொல்லைகளின் முடிவில் ஹால்ட். டிக்கெட்டக்கா அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். நான் வந்த காரியத்தைச் சொன்னேன்.

"ஸ்டேஷனோட கதையா? அதை எழுதி யாரு சார் படிப்பா? இங்க டிக்கெட்டுல போட்டுருக்கறதையே எவனும் படிக்க மாட்டேங்கறான். ஏறிட்டுத்தான் இது எங்க போற வண்டின்னு கேக்கறான்."

இந்த நிலையம் எப்போது வந்தது என்று கேட்டேன். யோசிக்காமல் பதில் வந்தது.

"நான் பொறந்த வருசம் சார். மொத வண்டி நின்ன அன்னிக்குத்தான் எனக்குக் காது குத்துனாங்க. சொந்தக்காரங்க எல்லாம் அந்த வண்டியிலதான் வந்து எறங்கினாங்களாம். எங்கப்பா கட்டுன ஸ்டேஷன் இது."

"உங்கப்பா ரயில்வேயில இருந்தாரா?"

"ரயில்வேயாவது! ஊர்க்காரங்க மேடை போட்டுக் குடுத்தா வண்டி நிறுத்தறோம்னு சொல்லிருக்காங்க. காலனிக்காரங்கதான் ஏரியில மண்ணு வெட்டிச் சொமந்து கொட்டுனாங்க. இந்தா நிக்குதே கொட்டாய்த் தூணு, அத எட்டுப் பேரு தோள்ல தூக்கியாந்து நட்டாங்களாம். எங்கப்பாவுக்கு அதுல தோள்பட்ட எறங்கிப்போயி கடைசி வரைக்கும் நேராவே இல்ல."

நோட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டேன். பிறந்த ஆண்டு என்ன என்று கேட்டேன். பள்ளிக்கூடச் சான்றிதழில் உள்ளதைச் சொன்னார். தேதியைக் கேட்டதுமே எனக்கு நம்பிக்கை போய்விட்டது. ஜூன் மாதத்துத் தேதி. அந்தத் தலைமுறையில் சேர்க்கும் நாளன்று வாத்தியார் பிள்ளையைப் பார்த்து, கையைத் தலைக்கு மேல் வளைத்துக் காதைத் தொடச் சொல்லி, வயதைத் தானே கணித்து எழுதுவார். அதனால் பாதிப் பேருக்கு ஜூனில்தான் பிறந்தநாள். என் சொந்தத் தம்பிக்கும் அப்படித்தான். இதை வைத்து ஆண்டைக் கணக்கிட முடியாது என்று முடிவு செய்தேன்.

பிறகு தூணைப் பார்த்தேன். கொட்டகையின் நான்கு தூண்களும் பழைய தண்டவாளத்தை நிறுத்திவைத்தவை. மீட்டர் கேஜ் காலத்து மெல்லிய தண்டவாளம். ஒன்றின் பக்கவாட்டில் வர்ணத்துக்கு அடியில் எழுத்துகள் மேடாகத் தெரிந்தன. விரலால் தடவிப் பார்த்தேன், பிடிபடவில்லை. டிக்கெட்டக்கா உள்ளே போய் ஒரு டப்பாவில் கோலமாவு கொண்டுவந்து, "இதத் தேச்சுப் பாருங்க" என்றார். தேய்த்ததும் பள்ளத்தில் மாவு நின்று எழுத்துகள் கறுப்பாக எழும்பி வந்தன. ஜெர்மனியில் உள்ள ஓர் ஆலையின் பெயர். அதை அடுத்து நான்கு எண்களில் ஓர் ஆண்டு.

எந்த நாட்டுக்காரரின் எழுத்தைப் படித்து இதை ஆரம்பித்தேனோ அந்த நாட்டு இரும்பு, முந்திரிக் கொல்லை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தது. ஆண்டும் பொருந்தியது. விழுப்புரத்திலிருந்து திருச்சிக்கு இந்தப் பாதையைப் போட்ட காலத்துக்குச் சற்று முன்னால். ஆகவே பாதை போட்டபோதே இந்த ஹால்ட்டும் வந்திருக்க வேண்டும். டிக்கெட்டக்காவின் அப்பா காலத்தில் நடந்தது ஏதாவது பழுதுபார்ப்பாக இருக்கும். பெரிய ஸ்டேஷனுக்கு அருகில் டீக்கடையில் உட்கார்ந்து இந்த முடிவை எழுதினேன். இரும்பில் உள்ளது ஒரு சான்று, பாதை போட்ட ஆண்டு இன்னொரு சான்று. இரண்டு ஆகிவிட்டது. பேனாவால் எழுதினேன்.

இரண்டு மாதம் கழித்து அந்த ஊரிலிருந்து போன் வந்தது. பேசியவர் முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர். பதவி போய்ப் பல காலம் ஆகியும் ஊரில் 'பிரசிடெண்ட்' என்றே அழைக்கப்படுபவர். காலை வண்டியை மறுபடி நிறுத்தக் கேட்டு மனு தயார் செய்கிறார்கள். என்னைப் பற்றி டிக்கெட்டக்கா மூலம் கேள்விப்பட்டிருக்கிறார்.

"சார், ஸ்டேஷனோட ஹிஸ்டரி ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. வெள்ளைக்காரன் காலத்து ஸ்டேஷனுன்னு ஒரு வரி இருந்துட்டாப் போதும், அப்பறம் எவனும் மறுத்துப் பேச முடியாது. எங்க தாத்தா குதிரையில போயி துரைகிட்டச் சொல்லித்தான் வண்டிய நிறுத்துனாரு. அதையும் சேத்துக்குங்க."

குதிரையைச் சேர்க்கவில்லை. அதற்குச் சான்று இல்லை. மற்றபடி ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். இந்த நிலையம் பாதை அமைந்த காலத்திலேயே அமைந்தது, கொட்டகைத் தூண் அதற்குச் சாட்சி, பிற்காலத்தில் ஊர் மக்கள் மேடையைச் செப்பனிட்டுள்ளார்கள் என்று எழுதியிருந்தேன்.

ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனுவைப் படித்துக் கையெழுத்து வாங்க ஹால்ட் கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். என்னையும் அழைத்திருந்தார்கள். ஊர்த் தெருவிலிருந்தும் காலனியிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். பிரசிடெண்ட் என் பக்கத்தை உரக்கப் படித்தார். ஆண்டைச் சொன்னதும் நிறுத்தி எல்லாரையும் பார்த்தார். கை தட்டினார்கள். ஒருவர் எனக்கு ஒரு துண்டு போர்த்தினார். டிக்கெட்டக்கா ஜன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போடத் தாள் அவரிடம் போனபோது, "அப்பறம் போடறேன்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கூட்டம் கலைந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"செப்பனிட்டாங்கன்னு எழுதிருக்கீங்களே, யாரு சார் செப்பனிட்டது?"

"உங்கப்பா காலத்துல..."

"எங்கப்பா செப்பனிடல சார். அவரு மண்ணு கொட்டறதுக்கு முன்ன இங்க வெறும் முள்ளுக்காடு. வண்டி பாட்டுக்குப் போயிட்டிருக்கும். நாங்க அரியலூருக்கு நடந்துதான் போவணும்."

நான் தூணைக் காட்டினேன். நீங்கள்தானே கோலமாவு கொடுத்தீர்கள், அதில் உள்ள ஆண்டைப் பார்த்தீர்களே என்றேன். இரும்பு பொய் சொல்லாது என்றும் சொன்னதாக நினைவு.

அவர் மேடையின் ஓரமாக இறங்கிப் போனார். பழைய மண் மேடையின் மேல்தான் பின்னாளில் சிமெண்ட் பலகைகளைப் பாவியிருக்கிறார்கள். ஓரத்தில் மட்டும் மண் வெளியே தெரியும். குனிந்து அதிலிருந்து எதையோ பெயர்த்து எடுத்து வந்து என் கையில் வைத்தார். கல்லாகிப்போன கிளிஞ்சல். அரியலூர்ப் பக்கத்தில் தோண்டுகிற இடமெல்லாம் கிடைப்பதுதான். இந்தப் பூமி ஒரு காலத்தில் கடலுக்குள் இருந்தது என்பது இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

"இதுக்கு எவ்வளவு வயசு சார்?"

"பல கோடி வருஷம்னு சொல்றாங்க."

"ஏரி மண்ணோட இதுவும் வந்துச்சு. எங்கப்பா கொட்டுன மேடையிலதான் கெடக்கு. அப்ப இந்த ஸ்டேஷனுக்கும் பல கோடி வருசமா?"

சிரித்து மழுப்பினேன். அவர் சிரிக்கவில்லை.

"எங்கப்பா பேருல ஒரு சென்ட் நெலம் கெடையாது சார். வூடு கூடப் பொறம்போக்குதான். நான் கட்டுன ஸ்டேஷன்னு சொல்லிக்கிட்டே இருந்துதான் செத்தாரு. ஊரடங்கு நேரத்துல செத்தாரு, தூக்கிட்டுப் போவக்கூட ஆளு சேரல. அவருக்குன்னு இருந்தது இது ஒண்ணுதான். நீங்க அதையும் தொரை கட்டுனதுன்னு எழுதிட்டீங்க."

அன்று பஸ்ஸில் திரும்பும்போது எனக்குக் கோபம்தான் வந்தது. படித்துப் பார்த்து, தடவிப் பார்த்து, பொருத்திப் பார்த்து எழுதியதை ஒரு கிளிஞ்சலைக் காட்டிப் பொய் என்கிறாரே என்ற கோபம். கிளிஞ்சல் சட்டைப்பையில் இருந்தது. பாதி வழி தாண்டுவதற்குள் கோபம் இறங்கி வேறு ஒன்று வந்தது. அந்த வாதத்தில் என்ன குறை என்று தேடினேன். கிடைக்கவில்லை. ஆனாலும் அதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. தூணைப் படம் பிடித்து வைத்திருந்தேன். அதை இணைத்து, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அந்த ஜெர்மன்காரருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன்.

பதில் ஆவணி மாதம் வந்தது. அவர் உடல்நலம் இல்லாமல் இருந்திருக்கிறார். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, படத்தைப் பார்த்து மகிழ்ந்ததாக எழுதியிருந்தார். பிறகு மிக மரியாதையாக என் தவறைச் சொல்லியிருந்தார். தண்டவாளத்தில் உள்ள ஆண்டு, அந்த இரும்பை ஆலையில் உருட்டித் தண்டவாளமாக்கிய ஆண்டு மட்டுமே. அது முதலில் ஒரு பெரிய பாதையில் கிடக்கும். தேய்ந்ததும் வண்டி குறைவாக ஓடும் ஓரப் பாதைக்குப் போகும். அங்கும் தேய்ந்தால் வேலிக்கும் கொட்டகைக்கும் தூணாகும். அவர் எழுதிய பாதையிலேயே நிலையத்தைவிடப் பல்லாண்டு மூத்த வேலிகள் உண்டாம். தானும் ஆரம்பத்தில் இதே தவறைச் செய்ததாகக் கடைசியில் சேர்த்திருந்தார். அது என்னைச் சமாதானப்படுத்த எழுதியதாகவும் இருக்கலாம்.

படித்த மாத்திரத்தில் நம்பினேன். நம்பிய பிறகுதான் உறைத்தது. அவர் சொன்னதையேதான் டிக்கெட்டக்கா கிளிஞ்சலை வைத்துச் சொன்னார். முகம் தெரியாத ஒருவர் எங்கிருந்தோ எழுதியதும் ஏற்றுக்கொண்ட நான், தூணுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர் நேரில் சொன்னபோது ஏற்கவில்லை.

திருத்தத்தை எழுதினேன். அரைப் பக்கம்தான். ஆனால் அதைக் கொடுக்கவில்லை. பிரசிடெண்டுக்குப் போன் செய்து, "அந்த ஆண்டு விஷயத்துல ஒரு சின்னச் சந்தேகம்" என்று ஆரம்பித்தேன்.

"சார், சார், கையெழுத்தெல்லாம் வாங்கி அனுப்பியாச்சு. ஆபீசரு அடுத்த மாசம் நேர்ல பாக்க வராராம். இப்பப் போயி வருசம் தப்புன்னு கெளப்புனா மொத்த மனுவையும் தூக்கிப் போட்டுருவான். வண்டி நிக்கட்டும். அப்பறம் நீங்க என்ன வேணா ஆராய்ச்சி பண்ணுங்க."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வண்டி நின்றால் முதலில் பயன் பெறப்போவது காலனியிலிருந்து திருச்சி போகும் பெண்கள்தான். டிக்கெட்டக்காவுக்கும் அதுதான் பிழைப்பு. அவர் அப்பா பெயரைக் காப்பாற்றப் போய் அவர் வண்டியைக் கெடுத்துவிடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்படி மூன்று வாரம் போயிற்று. அந்த மூன்று வாரத்தில் ஒரு நாள் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் டிக்கெட்டக்காவைத் தூரத்தில் பார்த்தேன். நான் வேறு பக்கம் திரும்பி மருந்துக்கடைக்குள் நுழைந்து, தேவையில்லாத ஒரு தைலத்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.

ரயில்வே அதிகாரி வந்தது புரட்டாசி மாதம், ஒரு புதன்கிழமை காலை. ஜீப்பில் இரண்டு பேரோடு வந்தார். இளைஞர், பொறுமையாகப் பேசினார். மேடையின் நீளத்தை அளந்தார்கள். பிரசிடெண்ட் மனுவை விரித்து என் பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். திருத்தம் என் சட்டைப்பையில் நான்காக மடித்து இருந்தது.

"சார், இதப் படிங்க. வெள்ளைக்காரன் காலத்து ஸ்டேஷன். இந்தா நிக்கறாரே, இந்தச் சார்தான் ஆராய்ச்சி பண்ணி எழுதுனாரு."

அதிகாரி பக்கத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புரட்டினார்.

"நல்லா இருக்குங்க. ஆனா ஸ்டேஷன் எந்தக் காலத்துல வந்துச்சுங்கறத வச்சு வண்டி நிறுத்தறதில்லைங்க. போன மாசம் வந்ததா இருந்தாலும் ஒண்ணுதான். காலையில எத்தனை பேரு ஏறுவாங்க, பக்கத்துல பஸ் வசதி என்ன, அதச் சொல்லுங்க."

டிக்கெட்டக்கா முன்னால் வந்து சொன்னார். யார் யார் எங்கே வேலைக்குப் போகிறார்கள், எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள், ஷேர் ஆட்டோ கிடைக்காத நாளில் என்ன ஆகிறது என்று தாளே பார்க்காமல் சொன்னார். அதிகாரி அதைத்தான் எழுதிக்கொண்டார். அரைமணி நேரத்தில் ஜீப் போய்விட்டது.

எல்லாரும் பிரசிடெண்டோடு நடந்து போன பிறகு நான் ஜன்னலருகே போனேன்.

"அந்த ஆண்டு தப்புங்கம்மா. நீங்க சொன்னதுதான் சரி."

"எப்பத் தெரிஞ்சுது?"

"மூணு வாரம் ஆச்சு."

"யாரு சொன்னா?"

ஜெர்மன்காரர் ஒருவர் கடிதம் எழுதினார் என்றேன்.

"ஓ" என்றார். சற்று நேரம் டிக்கெட் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். "இம்புட்டு நேரம் அந்த ஆபீசரு நின்னாரே, அப்பச் சொல்லிருக்கலாம்ல? அவருதான் வருசம் வேணாம்னுட்டாரே. சொன்னா வண்டி ஒண்ணும் ஓடிப் போயிருக்காதே."

ஆம் என்றேன். "சாயங்கால வண்டிக்கு நேரம் கெடக்கு. நான் வூட்டுக்குப் போயிட்டு வரேன்" என்று ஜன்னலைச் சாத்தினார்.

அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் காலனிக்குப் போனேன். மேடைக்கு மண் கொட்டியவர்கள் யார் யார் என்று கேட்டு எழுத வேண்டும் என்பது என் எண்ணம். உயிரோடு இருப்பவர்கள் மூன்று பேர்தான். மற்றவர்களின் பிள்ளைகள் சொன்னார்கள். பிள்ளைகளில் ஒருவர் ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் பிட்டர், ஒருவர் ஆண்டிமடத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறார், ஒருவர் வாத்தியார். மாரியம்மன் கோயில் எதிரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு பெயராகச் சொல்ல, ஒரு முழுத்தாள் நிறைந்தது. ஆண்டைப் பற்றி மட்டும் ஒருவரும் உறுதியாகச் சொல்லவில்லை. பெரிய புயல் அடித்த வருடத்துக்கு முந்தி என்றார் ஒருவர், பிந்தி என்றார் இன்னொருவர். அதற்காக அவர்கள் சண்டையே போட்டுக்கொண்டார்கள். திறந்த ஆண்டு என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன். என் நோட்டில் அப்படி ஒரு கட்டம் அதுவரை இருந்ததில்லை.

நல்ல தாளில் அந்தப் பெயர்களைத் தெளிவாக எழுதி எடுத்துக்கொண்டு ஐப்பசி மழைக்கு நடுவே ஒரு மாலையில் ஹால்ட்டுக்குப் போனேன். டிக்கெட்டக்கா ஜன்னலைத் திறந்து தாளை வாங்கினார். முதல் பெயர் அவர் அப்பாவுடையது. அதை விரலால் தொட்டார். கீழ் வரை படித்தார். மறுபடி மேலிருந்து படித்தார்.

"மண்ணு வெட்டுனவங்க பேரு எழுதிருக்கீங்க. சொமந்தவங்க எங்க?"

எனக்குப் புரியவில்லை.

"ஆம்பளைங்க ஏரிக்குள்ள நின்னு வெட்டித்தான் போடுவாங்க. கூடையில அள்ளி, தலையில வச்சு, இம்மாந் தூரம் நடந்து வந்து கொட்டுனது பொம்பளைங்கதான? எங்கம்மா வவுத்துல என்னய வச்சுக்கிட்டுச் சொமந்துச்சு. மரத்தடியில உக்காந்து யாரக் கேட்டீங்க?"

ஆண்களைத்தான் கேட்டேன்.

"அதான பாத்தேன். அவனுங்களுக்கு எங்க நெனவு வரும்?"

அறைக்கதவைத் திறந்து, முக்காலியை என் பக்கம் தள்ளினார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அது அத்தனை எளிதாக இல்லை. பாதிப் பேரை இன்னார் பெண்டாட்டி, இன்னார் அம்மா, மேலத்தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தது என்றுதான் அவருக்குத் தெரிந்திருந்தது. போனை எடுத்து ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டார். "ஏண்டி, ஒம் மாமியா பேரு என்னா? அட, நெசப் பேருடி!" என்று கேட்டார். ஒரு மருமகள் தன் மாமியாரின் பெயர் தெரியாமல், ரேஷன் கார்டைத் தேடிப் பார்த்து வந்து சொன்னாள். ஒரு வீட்டில், பெயர் சொன்ன கையோடு போனிலேயே அழுதார்கள். சாயங்கால வண்டி வந்து நின்றபோது நடுவில் எழுந்துபோய் இறங்கியவர்களை நிறுத்தி அங்கேயும் கேட்டார். மழை நின்று விளக்கு போட்ட பிறகும் ஒரே ஒரு பெயர் கிடைக்கவில்லை. அந்த அம்மாவுக்குப் பிள்ளை இல்லை. கணவர் பெயரை எழுதி 'மனைவி' என்று போட்டுவிடலாமா என்று கேட்டேன்.

"வேணாம் சார். எடம் விட்டு வைங்க. பொறந்த ஊரு உடையார்பாளையம் பக்கம். அவங்க தம்பி மவன் ஒருத்தன் இருக்கான். கேட்டுச் சொல்றேன்."

எட்டு நாள் கழித்து, காலை ஏழு மணிக்குப் போன் வந்தது. 'வணக்கம்' கூட இல்லாமல் பெயரை மட்டும் இரண்டு தடவை சொன்னார், நான் சரியாக எழுதிக்கொண்டேனா என்று திருப்பிச் சொல்லச் சொன்னார்.

இரண்டு தாள்களையும் திருத்தத்தையும் அந்த அதிகாரியின் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பிரசிடெண்டுக்கு ஒரு நகல் கொடுத்தபோது அவர் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். இன்னொரு நகல் ஹால்ட் அறையில் கட்டண அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. வண்டிக்குக் காத்திருப்பவர்கள் அதைப் படிக்கிறார்கள். போன வாரம் ஒரு பெண், தன் அத்தையின் இனிஷியல் தப்பாக இருக்கிறது என்று டிக்கெட்டக்காவிடம் சண்டைக்கு வந்திருக்கிறார். அவர் பேனாவைக் கொடுத்து, "நீயே திருத்திக்க" என்றிருக்கிறார்.

காலை வண்டி இன்னும் அங்கே நிற்கவில்லை.